நல்ல பல்லைத் தொடாத டாக்டரம்மா

டாக்டரம்மாவுக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது. பல்தான் ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாராவது வணக்கம் வைத்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யார் என்று யோசிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும். "அட, கீழ்வரிசையில வெத்தலக் கறை. நீங்களா? வூட்ல எல்லாம் சொகமா?" என்பார். சிரிக்காத ஆளாக இருந்தால் கடைசி வரைக்கும் யாரென்று தெரியாமலே பேசி அனுப்பிவிடுவார்.

என்னையும் அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தார். மேல்வரிசை, இடது பக்க முன்பல், குறுக்காகப் பாதி போனது. போன பாதியைக் கட்டிக்கொடுத்தவர் அவர். என் பெயரை அவர் ஒரு தடவையாவது சொன்னதாக நினைவில்லை, கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். அவர் பெயரை நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது புதிதாகச் சொல்ல வாய் வரவில்லை.

நான் அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரை போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு கை மேல் கம்பியில், இன்னொரு கையில் டிக்கெட் கட்டு. விசிலைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் எங்கள் பக்கத்துக் கண்டக்டர்கள் எல்லோருமே விசிலை முன்பல்லால் கடித்துக்கொண்டுதான் வேலை செய்தோம். ஊதவேண்டிய நேரத்தில் ஒரு மூச்சு விட்டால் போதும். இதில் ஆபத்து இருக்கிறதென்று ஒருவனும் நினைக்கவில்லை. ஒருநாள் மலைப்பாதை வளைவில் ஒரு காளை மாடு சாவகாசமாகக் குறுக்கே வந்தது. டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார், நான் முன்னால் போய் சீட்டுக் கம்பியில் வாயோடு மோதினேன். விசிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரத்தம் நின்றது, வலியும் நின்றது. கூச்சம் மட்டும் நிற்கவில்லை. மலை ஏற ஏறக் காற்று குளிரும். வாயைத் திறந்து "டிக்கெட்" என்று சொன்னால் அந்தக் காற்று உடைந்த பல்லில் பட்டு உச்சந்தலை வரை சுள்ளென்று ஏறும். மோர் குடிக்க முடியவில்லை, பானைத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உதட்டை மூடிக்கொண்டு கையை நீட்டி டிக்கெட் கொடுத்தேன். பயணிகள் நான் ஏதோ விரதம் இருப்பதாக நினைத்தார்கள்.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா திருக்கோவிலூரில் புளி மண்டி வைத்திருந்தவர். மலைப் புளி வாங்க எங்கள் பஸ்ஸில்தான் போய் வருவார். என்னைப் பிடித்துப்போய்ப் பெண் கொடுக்க முன்வந்ததும் பஸ்ஸில்தான். அப்போது எனக்கு முன்பல் முழுசாக இருந்தது. உடைந்த பிறகு அவர் என் வாயைப் பார்த்த பார்வையில், புளியில் கொட்டை அதிகமிருப்பதைக் கண்ட மாதிரி ஒரு சங்கடம் தெரிந்தது. ஆனாலும் நல்ல மனுஷன். தனக்குப் பல் கட்டிய வைத்தியரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். அந்த வைத்தியர், பக்கத்துப் பற்கள் இரண்டையும் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கிவிட்டு மூன்றுக்கும் சேர்த்து உறை மாதிரி ஒரு கேப்பு மாட்டலாம், ஆயுசுக்கும் நிற்கும் என்றார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்துகொண்டது அதுதான். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன்தான் கெடுத்தார். "எதுக்கும் பாய் கடை மாடியில இருக்கற அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ. ராவிட்டு வந்து அப்புறம் கேக்க முடியாது பாரு" என்றார்.

பாயின் துணிக்கடைக்குப் பக்கத்திலேயே மாடிப்படி. மேலே ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, உள்ளே நாற்காலி. நாற்காலியின் ரெக்சின் எங்கெங்கே கிழிந்திருந்ததோ அங்கங்கே மட்டும் ஒட்டுப் போட்டிருந்தது. ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு கலர். டாக்டரம்மா என்னை உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்ன ரப்பர் பந்து ஒன்றை எடுத்து உடைந்த இடத்தில் காற்றை ஒரு அமுக்கு அமுக்கினார். நான் துள்ளி எழுந்தேன்.

"கூசுதா?"

"உசுரே போவுதுங்க."

"நல்லது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. "கூசினா பல்லு உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். நரம்பு வெளிய தெரியல. உள்ள நல்லாத்தான் இருக்குது."

கேப்பு விஷயத்தைச் சொன்னேன். கெட்டியாக நிற்குமாம் என்றேன்.

"கெட்டியாத்தான் நிக்கும். ஆனா பக்கத்துல இருக்கற ரெண்டும் இன்னா தப்பு பண்ணிச்சி? அதுங்கள எதுக்கு ராவணும்?"

நான் நாக்கால் அந்த இரண்டு பல்லையும் தடவிப் பார்த்தேன்.

"ராவினா போச்சுப்பா. நகமா மறுபடி வளர்றதுக்கு? ஒடைஞ்சது ஒரு பல்லு, அதுலயும் பாதி. அந்தப் பாதிய மட்டும் நான் ஒட்டித் தர்றன். ஊசி வேணாம், ராவவும் மாட்டன்."

"எத்தினி நாளு நிக்குங்க?"

இந்தக் கேள்விக்கு எந்த வைத்தியரும் சொல்லாத பதிலை அவர் சொன்னார். "ஒரு நா ஒடையும். பதமா பாத்துக்கினா சில வருசம் ஓடும், இல்லன்னா சீக்கிரம். ஆனா ஒடையறது நான் ஒட்டினதா இருக்கும், உன் பல்லு ஒடையாது. ஒடைஞ்சா வா, மறுபடி ஒட்டறன்."

அன்றைக்கே ஒட்டினார். கண்ணாடியில் பார்த்தபோது எது என் பல், எது அவர் வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் குளிருக்கும் சூட்டுக்கும் கூச்சம் இருக்கும், தானாகக் குறையும், குறையாவிட்டால் வரச்சொன்னார். செங்கல் தூள், கரி, சாம்பல் எதையும் பல்லில் வைக்கக் கூடாது. மெதுவான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தைத் தேய்க்க வேண்டும். டீயும் வெற்றிலையும் ஓரத்தில் கறை பிடிக்கவைக்கும், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எதையும் முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. "முக்கியமா விசிலு. அத்த ஒதட்டுல வெய்யி, பல்லுல வெக்காத. கரும்பு அறவே கூடாது."

கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊரில் பிறந்தவனிடம் கரும்பு கூடாது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

அவர் எல்லோரிடமும் இப்படித்தான் இருந்தார். ஒருமுறை நான் பெஞ்சில் காத்திருந்தபோது ஒரு இளவட்டம் வந்தது. சினிமா நடிகர் மாதிரி முன்வரிசை முழுக்க வெள்ளையாகப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குது, பீடிய வுட்டா வெளுக்கும், போ" என்று அனுப்பிவிட்டார். அவன் கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மகளின் முன்பற்களை ராவிக் கேப்பு மாட்டி நடுவிலுள்ள இடைவெளியை மூடச் சொன்ன தாய் ஒருத்தியும் அப்படித்தான் திரும்பிப் போனாள். "அந்தச் சந்து அழகாத்தாம்மா இருக்குது. உனுக்கு வேணுன்னா உன் பல்ல அடைச்சிக்கோ, பொண்ணு வாயில கை வெக்கமாட்டன்" என்றாராம்.

கீழே துணிக்கடை பாய்க்கு இது தாங்கவில்லை. மாடிக்குப் போகிறவர்கள் பெருகினால் தன் கடையிலும் நாலு பேர் நுழைவார்கள் என்ற கணக்கு அவருக்கு. என்னிடம் ஒருநாள் அங்கலாய்த்தார். "வர்ற கிராக்கிகிட்டயே பொருளு ஒடையும்னு சொல்லி வியாபாரம் பண்றத நான் எங்கயும் பாத்ததில்லப்பா. நான் சாயம் போவும்னு சொல்லிக்கினா துணி விக்கறன்?" அவர் மாடிச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினால், டாக்டரம்மா பெயர்ந்த இடத்தை மட்டும் பூசச்சொல்லித் திருப்பி அனுப்பினார். சுவர் திட்டுத்திட்டாக நின்றது. எனக்கும் பார்க்கச் சகிக்கவில்லை, சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர்.

வெள்ளிமலைச் சந்தை நாளில் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் பஸ்ஸில் ஏறுவார். மலையில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து பல் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புவார். அந்த நாட்களில் எனக்கு நிம்மதி கிடையாது. கூட்டத்தில் மறந்துபோய் விசிலைப் பல்லில் வைத்துவிடுவேன். பின்னாலிருந்து "கண்டக்டர், ஒதட்டுல" என்று குரல் வரும். பூக்கட்டுகிற பெண் நூலைப் பல்லால் கடித்தால் அவளுக்கும் விழும். சோடா மூடியைப் பல்லால் திறக்கப்போன ஒருவன், இவர் பார்த்த பார்வையில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தான்.

புளி மண்டிக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வார். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ள, நான் விசாரிச்சிட்டன். அந்தம்மா கோட்டாவுல சீட்டு வாங்கினு வந்த டாக்டராம். மார்க்கு கம்மி. பல்லு கட்டத் தெரியாது, அதான் பசையத் தடவி அனுப்புது."

"நல்லாத்தானேங்க நிக்குது."

"இப்ப நிக்குது. அதுவே ஒடையும்னு சொல்லுதாமே? ஒடைஞ்சா யாரு ஒட்டுவா? இந்த ஊருக்கு வந்த டாக்டருங்க எவன் தங்கனான்? ஒரு வருசம் இருப்பான், மெட்ராசுக்குப் போய்டுவான். அப்புறம் நீ பாதிப் பல்லோட நிப்ப. என் பொண்ணும் உன்னோட நிக்கும்."

முதலில் சொன்னது அபாண்டம், இரண்டாவதில் நியாயம் இருந்தது. வந்தவர்கள் யாரும் தங்கவில்லை என்பது உண்மை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தை மாச முகூர்த்தத்துக்கு முன்னால் அந்தப் பசை விழுந்தால், மறுபேச்சில்லாமல் அவரோடு போய் மூன்று பல்லுக்கும் கேப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். விழாவிட்டால் அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கமாட்டார். நான் தலையாட்டினேன்.

அவர் என்னிடம் சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மண்டியில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார். கோட்டா டாக்டர், பசை டாக்டர் என்று பேச்சு மலை வரைக்கும் ஏறிவிட்டது. மாடிப் பெஞ்சில் ஆள் குறைந்தது. பயணிகள் டிக்கெட் வாங்கும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டு வாயைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தால் டாக்டரம்மாவின் வேலை ஊருக்கே தெரியும். அது விழுந்தாலும் ஊருக்கே தெரியும். மண்டிக்காரர் சொன்னது டாக்டரம்மா காதுக்கும் போயிருந்தது. அவர் எப்போதும்போல் மாடியைத் திறந்து உட்கார்ந்தார். பாய் மட்டும், அந்தம்மா மாடியைக் காலி பண்ணிவிடும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷங்கள் அவை. எந்த ரோட்டில் எப்போது மரம் விழும் என்று தெரியாமல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சந்தை நாளில் கச்சிராயபாளையம் தாண்டுவதற்கு முன்பே பெரிய புளியமரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. எங்களுக்குப் பின்னாலும் ஒன்றை வெட்டித் தள்ளிவிட்டார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பஸ்ஸில் டாக்டரம்மாவும் இருந்தார், மண்டிக்காரரும் இருந்தார். "காய்ப்பு மரம்யா" என்று மண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொழில் புத்தி.

மறியல் செய்தவர்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்து விவசாயிகள். பாதிப் பேர் தினமும் எங்கள் பஸ்ஸில் வருகிறவர்கள். முன்னால் நின்றவர் தலையில் துண்டு கட்டி, கையில் மரம் வெட்டிய கொடுவாள் வைத்திருந்தார். பஸ்ஸை ஒன்றும் செய்யமாட்டோம், இறங்கி நிழலில் உட்காருங்கள் என்றார். நேரம் போகப்போகக் குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன. அவரே பக்கத்துத் தோட்டத்தில் இறங்கிக் கரும்பை ஒடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கவைத்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

கரும்பை எங்கள் ஊரில் யாரும் யோசித்துத் தின்பதில்லை. கையில் வந்தால் வாய்க்குப் போகும், முன்பல் தோலை உரிக்கும். நான் பஸ் எப்போது கிளம்பும் என்று டிரைவர் அண்ணனோடு பேசிக்கொண்டே கணுவில் பல்லைப் போட்டு இழுத்தேன். சடக் என்றது. கரும்புத் தோலில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன். பழைய ஓட்டை, பழைய கூச்சம்.

மண்டிக்காரர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "வுழுந்துச்சா? நான் சொன்னனா இல்லியா?" என்று எழுந்தார். அவருக்கு ஆத்திரம்கூட இல்லை, ஒரு சந்தோஷம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கோட்டாவுல சீட்டு வாங்கினு வந்தவங்ககிட்ட போனா இதான் கதி."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. கரும்பு கடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று. கொடுவாள்காரர் மெதுவாக நடந்து வந்தார்.

"இன்னா சொன்னீங்க பெரியவரே? கோட்டான்னா அவ்ளோ கேவலமா?"

"நான் பல்லச் சொன்னம்பா" என்றார் மண்டிக்காரர். குரல் உள்ளே போய்விட்டது. என் கல்யாணமே இல்லாமல் போய்விடுமோ என்று அந்த நேரத்திலும் ஒரு பயம் வந்தது.

டாக்டரம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "வுடுப்பா, என்னத்தான் சொன்னாரு, நானே பேசிக்கறன்" என்றார். பிறகு மண்டிக்காரரைப் பார்த்துப் பேசினார். சத்தம் போடவில்லை. "ஆமாங்க, கோட்டாவுலதான் சீட்டு கெடச்சிது. மணலூர்பேட்டைப் பக்கம் குத்தகை நெலத்துல கரும்பு வெட்டினவரு எங்கப்பா. சீட்ட கவர்மெண்டு குடுத்துச்சி, வேலைய நான் கத்துக்கினன். இப்ப பல்லு ஒடைஞ்சிருக்குது. அத்த மொதல்ல பாக்கலாம்."

வெட்டிப்போட்ட மரத்தின் அடியில் என்னை உட்காரவைத்துத் தலையை மரத்தின் மேல் சாய்க்கச் சொன்னார். பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியை எடுத்துவந்தார். உடனே வேலையைத் தொடங்குவார் என்று பார்த்தால், என் மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"வந்து பாருங்க. பசை டாக்டருன்னு பேசிக்கறீங்க இல்ல? ஒட்டினது போச்சி, அத்த நான் அன்னிக்கே சொன்னன். அடியில இருக்கற பல்லப் பாருங்க. அன்னிக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்குது. பக்கத்துப் பல்லு ரெண்டும் முழுசா இருக்குது. அதுக்குத்தான் இந்த வேல."

வந்து பார்த்தார்கள். பஸ் ஜனம், மறியல் ஜனம், கரும்பும் கையுமாக வரிசையில் வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் வரிசையில் நின்று என்னைப் பார்க்கவில்லை. கொடுவாள்காரரும் பார்த்தார். மண்டிக்காரர் கடைசியாக வந்து, எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தார்.

"இப்ப ஒரு ஒத்தாச வேணும்" என்றார் டாக்டரம்மா கொடுவாள்காரரிடம். "இந்த மருந்துக்கு ஈரமும் ஆவாது, தூசியும் ஆவாது. நான் முடிக்கற வரைக்கும் இங்க யாரும் நடக்கக் கூடாது."

கொடுவாள்காரர் தன் ஆட்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். அத்தனை பேரும் இருந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். கோஷம் போட்டுக்கொண்டிருந்த தொண்டைகள் எல்லாம் அடங்கின. மண்டிக்காரரிடம் ஒரு குடை இருந்தது. யாரும் சொல்லாமலே விரித்து எங்கள் தலைக்கு மேல் பிடித்தார்.

டாக்டரம்மா என் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சை அடைத்தார். புளிப்பான ஒரு மருந்தை உடைந்த ஓரத்தில் தடவிக் காத்திருந்தார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். ரப்பர் பந்தால் காற்றடித்துக் காயவைத்தார். கூச்சத்தில் என் கால் தானாக மண்ணை உதைத்தது. "பொறுத்துக்கோ. எச்சி பட்டா மொதல்லருந்து பண்ணணும்" என்றார். தடவிய இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தால்தான் மருந்து பிடிக்கும் என்று பின்னால் சொன்னார். பிறகு பெட்டியிலிருந்த இரண்டு மருந்து டப்பாவிலிருந்தும் துளித்துளி எடுத்துச் சின்ன பலகையில் குழைத்தார். குழைத்துவிட்டால் அது காத்திருக்காது, வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். அள்ளிப் பல்லில் வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, விரலால் அழுத்திப் பிடித்தார்.

அப்போது பார்த்து எதிர்ப்பக்கம் ஒரு லாரி வந்தது. வந்த வேகத்தில் அதன் முன்னால் ஒரு புழுதி மேகம். கொடுவாள்காரர் ஓடினார். கூடவே நாலைந்து பேர் ஓடி லாரியைத் தூரத்திலேயே மடக்கி நிறுத்தினார்கள். காற்றில் வந்த தூசிக்கு மண்டிக்காரர் குடையைச் சாய்த்து மறைத்தார். டாக்டரம்மாவின் நெற்றியில் வேர்வை இறங்கியது. அது என் வாயில் விழாமலிருக்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். விரல் மட்டும் அசையவே இல்லை. இந்த அம்மா தோற்கக் கூடாது என்று நான் அப்போது சாமியை வேண்டினேன். பல்லைப் பற்றி வேண்டவில்லை.

மருந்து இறுகியதும் தாளை உரித்தார். உப்புத்தாள் கீற்றால் ஓரத்தை மெதுவாகத் தேய்த்தார். கண்ணாடியைக் கொடுக்காமல், "சிரி" என்றார். சிரித்தேன். கொடுவாள்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "சரிதான்" என்று சொல்லித் தன் ஆட்களிடம் போய்விட்டார்.

மண்டிக்காரர் குடையை மடக்கினார். பிறகு என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருந்த இடத்தில் தானே உட்கார்ந்தார்.

"என்னுதயும் பாத்துடுங்கம்மா. நல்ல பல்லு ரெண்ட ராவித்தான் கட்டினாங்க. கழட்டிட்டு உங்க மாதிரி ஒட்டிடலாமா?"

டாக்டரம்மா பார்த்தார். இப்போதுதான் அவரைச் சுருக்கென்று ஒரு வார்த்தை கேட்கப்போகிறார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். கேட்டிருக்கலாம், கேட்க எல்லா நியாயமும் இருந்தது.

"நல்லாத்தாங்க கட்டியிருக்காங்க. நின்னுக்கினு இருக்கறத எதுக்குக் கழட்டணும்? ஈறு ஓரத்துல சோறு தங்காம சுத்தமா வெச்சிக்குங்க, போதும்."

"அப்ப ராவினது?"

"ராவினது ராவினதுதான். நிக்கற வரைக்கும் நிக்கட்டும், நானா போய்க் கை வெக்கமாட்டன்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஊரெல்லாம் தன்னைக் கேவலமாகப் பேசிய ஆளின் வாயிலும், யாரோ செய்த வேலையிலும் இந்த அம்மா தன் பிடிவாதத்தை விடவில்லையே என்று எரிச்சலாகக்கூட இருந்தது. மண்டிக்காரருக்கு எரிச்சல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"மாப்ள பல்லு இன்னும் எத்தினி வருசம் தாங்கும்?"

"ஒரு நா ஒடையும்."

"ஒடைஞ்சா ஒட்டறதுக்கு நீங்க இருக்கணுமேம்மா. வந்தவங்க எல்லாம் போய்டறாங்க. நானும் பொண்ணப் பெத்தவன்."

டாக்டரம்மா பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். மூடி முடித்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்.

"இருப்பன்."

அந்தத் தையில் கல்யாணம் நடந்தது. பசை விழுந்திருந்தும் மண்டிக்காரர் கேப்புப் பேச்சை எடுக்கவில்லை, பல்லைப் பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவே இல்லை. டாக்டரம்மா தான் சொன்ன சொல் மாறவில்லை. எத்தனையோ டாக்டர்கள் வந்து போனார்கள். அவர் பாய் கடை மாடியிலேயே இருந்தார். என் பல் பின்னும் சில முறை உடைந்தது. என் மகள் குழந்தையாக இருக்கையில் தலையால் முட்டி ஒருமுறை, மலையில் பஸ் ரோட்டை விட்டு ஓரப் பள்ளத்தில் இறங்கியபோது ஒருமுறை, காரணமே இல்லாமல் ஒருமுறை. ஓரம் கறுத்தால் மேலாகத் தேய்த்து மெருகு போடுவார். துணுக்கு போனால் துணுக்கை மட்டும் வைப்பார். மருந்து மாறியது, நீல வெளிச்சம் காட்டி இறுகவைக்கும் கருவி வந்தது. என் சொந்தப் பல்லில் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.

ஒட்டியதில் ஒரு துணுக்கு விழுந்து நான் கடைசியாகப் போனபோது அவருக்கு நன்றாக வயதாகியிருந்தது. நானும் வேலையை விட்டு ஓய்ந்திருந்தேன். என்னை உட்காரவைத்துப் பார்த்தார். கருவியைக் கையில் எடுத்தார், அது நடுங்கியது. திரும்ப வைத்துவிட்டார்.

"நான் பண்ணமாட்டம்பா. கை நிக்கல. எதிர்த் தெருவுல புதுசா ஒரு டாக்டரு வந்திருக்காரு, அங்க போ."

"நீங்கதாங்க பண்ணணும்" என்றேன். வேறு யார் கையும் அதில் படவேண்டாம் என்று அடம்பிடித்தேன். "அன்னிக்கி மறியல்ல எங்க மாமனாருகிட்ட இருப்பன்னு சொன்னீங்களே" என்று வாய்தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கே அழுகை வந்தது.

டாக்டரம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். படிக்கட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிர்த் தெருவில் அந்த டாக்டரிடம் கூட்டிப்போய் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். புது டாக்டர் ஸ்டூல் எடுத்துப் போட்டார், அம்மா உட்காரவில்லை.

"தம்பி, போன துணுக்க மட்டும் வெய்யிங்க. நல்ல பல்லத் தொட்டுடாதீங்க" என்றார்.

பிறகு நடுங்குகிற விரலால் என் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தார். வேலை முடிகிற வரைக்கும் விடவில்லை.